குதிகாலில் நின்றுவிடாதீர்கள்: கையால் சொக்ஸ் பின்னுவதும் பிழை திருத்துவதும்

சொக்ஸ் பின்னப் பழக வருபவர்கள் இரண்டு இடங்களில்தான் கைவிடுகிறார்கள். ஒன்று குதிகால். மற்றது, ஊசியிலிருந்து ஒரு கண் (பின்னலின் ஒரு நூல் வளையம்) கழன்று கீழே ஓடும் நேரம். குதிகாலுக்குக் கணக்கு இருக்கிறது, அதைக் கீழே முழுதாகத் தருகிறேன். கண் ஓடினால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் ஆறுதலாக உட்கார்ந்து காட்டிக்கொடுப்பதில்லை. "அவிழ்த்துப்போட்டு முதலிலிருந்து தொடங்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய மனவருத்தம். பத்தில் ஒன்பது பிழையை அந்த இடத்திலேயே சரிசெய்யலாம். அதற்குத் தேவை பின்னிய துணியைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் மட்டும்தான்.

நான் கல்லடியில் இருக்கிறேன். பாடசாலையில் மனையியல் படிப்பித்தேன், இப்போது பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் அயலிலுள்ள பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த வெயிலில் கம்பளிச் சொக்ஸ் யாருக்கு என்று நினைக்க வேண்டாம். மட்டக்களப்பில் எந்த ஒழுங்கையில் போய்க் கேட்டாலும் கனடாவில், சுவிஸில், நோர்வேயில் ஒரு பிள்ளையாவது இருக்கும். நுவரெலியாவுக்கு வேலை மாற்றம் கிடைத்துப் போகிற ஆசிரியர்களும் கேட்டு வாங்குகிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தொப்பியும் சொக்ஸும் இங்கேயே வேண்டும்.

நிட், பேர்ள் என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும் கைக்கு வந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அது வராதவர்கள் முதலில் ஒரு சதுரத் துண்டு பின்னிப் பழகிவிட்டு வாருங்கள்.

முதலில் நூல். இங்கே கடைகளில் எளிதாகக் கிடைப்பது அக்ரிலிக் நூல். குழந்தைச் சொக்ஸுக்கும் பழகுவதற்கும் அது போதும். பெரியவர்கள் குளிர்நாட்டில் சப்பாத்துக்குள் போட்டு நடக்கிற சொக்ஸுக்கு அது சரிவராது, வேர்வையை உறிஞ்சாது. பருத்தி நூலும் வேண்டாம். மருதமுனைக் கைத்தறி நூல் சாறத்துக்கும் சேலைக்கும் அருமையானது, ஆனால் இழுத்தால் திரும்பிச் சுருங்காது, சொக்ஸ் கணுக்காலில் தொய்ந்து விழும். சொக்ஸுக்கென்றே விற்கிற நூல் 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலோனும் கலந்தது. குதியும் விரல்பக்கமும் சீக்கிரம் தேயாமல் நிற்பது அந்த நைலோனால். 100 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 420 மீற்றர் நூல் இருக்கும், ஒரு சோடிக்குப் போதும். வெளிநாட்டிலிருந்து யாராவது வரும்போது சொக்லேட்டுக்குப் பதில் இதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஊசி 2.5 மில்லிமீற்றர், இரண்டு முனையும் கூரானது, ஐந்து ஊசி கொண்ட செட். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்பு ஊசி வாங்க வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்து நூலில் கறை ஏற்றிவிடும். மூங்கில் ஊசியே நல்லது, வேர்த்த கையிலும் வழுக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நான் விடியப்புறத்தில் மட்டும்தான் கம்பளியை எடுப்பேன். மதியத்தில் கை வேர்த்து நூல் இறுகினால் கண்ணும் இறுகும், காலையில் பின்னியதற்கும் மதியத்தில் பின்னியதற்கும் அளவு மாறிவிடும். இன்னொன்று, நூல் உருண்டையை வேப்பிலையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மாரியில் கம்பளிக்குப் பூச்சி வரும்.

அளவை வாட்ஸ்அப்பிலேயே எடுத்துவிடலாம். பாதத்தின் அகலமான இடத்தைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அப்புறம் கடுதாசியில் காலை வைத்துக் குதியிலிருந்து பெருவிரல் நுனிவரை அளக்கச் சொல்லுங்கள். சுற்றளவு 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் 64 கண். ஒரு அங்குலத்துக்கு 8 கண் வருகிறதா என்று துண்டு பின்னிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது சொக்ஸின் சுற்று 8 அங்குலம். காலைவிடப் பத்தில் ஒரு பங்களவு சின்னதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும்.

கண் ஏற்றும்போது இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் ஏற்றி, பிறகு ஒன்றை உருவி விடுங்கள். விளிம்பு இளகி வரும். விளிம்பு இறுகினால் சொக்ஸ் குதியைத் தாண்டாது, அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. 64 கண்ணையும் நாலு ஊசிக்கு 16, 16 ஆகப் பிரித்து வளையமாகச் சேருங்கள். சேர்க்கும் முன் ஊசிகளை மேசையில் வைத்து, ஏற்றிய விளிம்பு முழுதும் உட்பக்கம் பார்க்கிறதா என்று சுற்றிவரப் பாருங்கள். எங்காவது முறுக்கிக்கொண்டிருந்தால் முதல் சுற்று முடியும் இடத்தில் கண்டுபிடித்தாலும் தப்பலாம். கடைசி ஊசிக்கும் முதல் ஊசிக்கும் நடுவில் ஓடுகிற நூலில் அந்த முறுக்கைத் தள்ளிவிட்டால் வெளியே தெரியாது. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு கண்டால் அவிழ்க்கத்தான் வேண்டும். அவிழ்த்தே தீரவேண்டிய சில பிழைகளில் இது ஒன்று.

மேல்பட்டிக்கு 2 நிட், 2 பேர்ள் என்று மாற்றி மாற்றி ஒன்றரை அங்குலம். அதன்பின் எல்லாம் நிட், கணுக்கால்வரை. 6 அங்குலம் அழகான உயரம். இந்த நீட்டு நேர்ச்சுற்றுகளைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே பின்னலாம். 2022இல் இரவெல்லாம் கரண்ட் போன காலத்தில் நாங்கள் சொக்ஸின் இந்தப் பகுதியைத்தான் இருட்டில் பின்னினோம்.

குதிகாலுக்கு வருவோம்.

64இல் பாதி, 32 கண்ணை ஒரு ஊசியில் எடுங்கள். மற்ற 32உம் பாதத்தின் மேல்பக்கம், சும்மா காத்திருக்கட்டும். இந்த 32இல் முன்னும் பின்னுமாக ஒரு மடல் பின்னவேண்டும். நல்லபக்க வரியில் ஒரு கண்ணைப் பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு நழுவவிட்டு அடுத்ததை நிட், இப்படியே கடைசிவரை. பின்பக்க வரியில் முதல் கண்ணை நழுவவிட்டு மிச்சமெல்லாம் பேர்ள். மொத்தம் 32 வரி. நழுவவிட்ட கண்கள் துணியை இரட்டைத் தடிப்பாக்கும், குதி தேயாது. மடலின் இரு ஓரத்திலும் சங்கிலிபோல 16, 16 வளையம் வந்திருக்கும். எண்ணிப் பாருங்கள். 15 இருந்தால் இரண்டு வரி குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனித் திருப்பம், மடலைக் குதியின் வடிவுக்கு வளைக்கிற வேலை. இதற்கு இரண்டு குறைப்பு தெரியவேண்டும். இரண்டு கண்ணைச் சேர்த்து நிட் பின்னினால் அது வலப்பக்கம் சாயும். இரண்டு கண்ணையும் ஒவ்வொன்றாக, நிட்டுக்கு ஊசி விடுவதுபோல விட்டு வலது ஊசிக்கு மாற்றி, பிறகு இடது ஊசியை அவற்றின் முன்பக்கமாக நுழைத்துச் சேர்த்துப் பின்னினால் அது இடப்பக்கம் சாயும்.

முதல் வரி: ஒன்று நழுவல், 17 நிட், இடச்சாய்வுக் குறைப்பு, இன்னும் 1 நிட். ஊசியில் 11 கண் மிஞ்சும். அதை விட்டுவிட்டு வேலையைத் திருப்புங்கள்.

இரண்டாம் வரி: ஒன்று நழுவல், 5 பேர்ள், இரண்டைச் சேர்த்து ஒரு பேர்ள், இன்னும் 1 பேர்ள். இந்தப் பக்கமும் 11 மிஞ்சவேண்டும். திருப்புங்கள்.

மூன்றாம் வரி: ஒன்று நழுவல், 6 நிட், இடச்சாய்வுக் குறைப்பு, 1 நிட், திருப்பு. நாலாம் வரி: ஒன்று நழுவல், 7 பேர்ள், சேர்த்து ஒரு பேர்ள், 1 பேர்ள், திருப்பு.

இதற்கு மேல் எண்ணவே தேவையில்லை, பார்த்தால் போதும். முந்திய வரியில் திரும்பிய இடத்தில் ஒரு சின்ன இடைவெளி தெரியும். அந்த இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண், இரண்டையும் சேர்த்துக் குறையுங்கள். அப்புறம் ஒன்று பின்னித் திருப்புங்கள். கடைசி இரண்டு வரியில் குறைத்த பின் பின்னுவதற்குக் கண் இருக்காது, அது சரிதான். முடிவில் 18 கண் நிற்கும், கிண்ணம்போல ஒரு குழி விழுந்திருக்கும். அந்தக் குழியை முதல்முறை பார்க்கிற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

குழி ஒருபக்கம் கோணினால் காரணம் எப்போதும் ஆரம்ப இரண்டு வரியில்தான் இருக்கும். ஒரு பக்கம் 11, மறுபக்கம் 10 என்று விட்டிருப்பீர்கள். திருப்பத்தை மட்டும் அவிழ்த்தால் போதும், மடலைத் தொடவேண்டாம்.

இனி அந்த 18ஐ நிட் பின்னி, மடலின் ஓரச் சங்கிலியில் 16 கண் எடுத்து, காத்திருந்த 32ஐயும் பின்னி, மறு ஓரத்தில் 16 எடுங்கள். மடலும் மேல்பக்கமும் சந்திக்கிற மூலையில் எப்போதும் ஓட்டை விழும். அதனால் இரு மூலையிலும் ஒரு கண் கூடுதலாக எடுப்பேன், ஒரு பக்கத்துக்கு 17. மொத்தம் 84. மேல்பக்க 32க்கு முன்னால் 3 கண் இருக்கும்போது இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். மேல்பக்கத்தைத் தாண்டியதும் 1 நிட், இடச்சாய்வுக் குறைப்பு. ஒரு சுற்று குறைப்பு, ஒரு சுற்று சும்மா. பத்துத் தடவை குறைத்ததும் பழையபடி 64.

கவனித்தும் மூலையில் ஓட்டை வந்துவிட்டால் பின்னலைத் தொடாதீர்கள். முடித்த பிறகு உட்பக்கமாக ஒரு துண்டு நூலால் சுற்றியிருக்கும் கண்களின் காலை (வளையத்தின் ஒரு பக்க நூலை) பிடித்து இழுத்துத் தைத்தால் மூடிவிடும்.

பிறகு நேராகப் பின்னிக்கொண்டு போங்கள். பாத நீளத்துக்கு 2 அங்குலம் குறைவாக நில்லுங்கள். விரல்பக்கம் குறைப்பு: மேல் 32க்கும் கீழ் 32க்கும் தனித்தனியே, 1 நிட், இடச்சாய்வுக் குறைப்பு, கடைசி 3 கண்வரை நிட், இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். ஒன்றுவிட்ட ஒரு சுற்றில் இதைச் செய்து 64ஐ 32 ஆக்குங்கள். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் குறைத்து 16 ஆக்குங்கள். எட்டையும் எட்டையும் இரண்டு ஊசியில் முன்னும் பின்னுமாகப் பிடித்து, தையலூசியில் நூல் கோத்துக் கிச்சனர் தையலால் சேர்த்துவிடலாம். முன் ஊசியில் முதல் கண்ணுக்கு பேர்ள்போலத் தையலூசியை விட்டு அப்படியே விடுங்கள், பின் ஊசியில் நிட்போல விட்டு அப்படியே விடுங்கள். இது தொடக்கம் மட்டும். அதன்பின் முன் ஊசியில் "நிட், கழற்று, பேர்ள், விடு", பின் ஊசியில் "பேர்ள், கழற்று, நிட், விடு". இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வீட்டில் யாரும் கதை கொடுக்காத நேரமாகப் பாருங்கள். நூல் தளர்ந்து கிடந்தால் பயமில்லை, எல்லாம் முடிந்தபின் ஊசிமுனையால் ஒவ்வொரு கண்ணாக இழுத்து நேராக்கலாம்.

கண் ஓடினால்

வாவிக் கரையில் வலை திருத்துபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு இருக்கிறது. ஒரு கண் அறுந்தால் அந்த ஓட்டை அந்த அளவோடு நிற்கும். பின்னலில் முடிச்சே இல்லை. ஒவ்வொரு கண்ணையும் பிடித்துக்கொண்டிருப்பது அதற்கு மேலே இருக்கும் கண்தான். மேலே உள்ளது கழன்றால் கீழே உள்ளது ஒவ்வொன்றாக அவிழும். ஆனால் ஏணிப்படிபோலக் குறுக்கே கிடக்கிற நூல்கள் அங்கேயே இருக்கும். அதாவது தொலைந்தது ஒன்றுமில்லை.

"டீச்சர், கண் ஓடிட்டுது!" என்று பிள்ளைகள் பதறிக்கொண்டு வருவார்கள். "இழுக்காத மனே, மேசையில வை" என்பதுதான் முதல் வைத்தியம். பதற்றத்தில் துணியை இரு பக்கமும் இழுப்பதால்தான் இன்னும் ஓடுகிறது. கம்பளி நூலுக்குச் சொரசொரப்பு உண்டு, தொடாமல் விட்டால் நின்ற இடத்தில் நிற்கும். அக்ரிலிக் வழுக்கிக்கொண்டு போகும், அதற்கு உடனே ஒரு சட்டைப்பின்னைக் குத்திவிடுங்கள்.

இப்போது ஒரு குரோசே ஊசி எடுங்கள். விழுந்து கிடக்கிற கண்ணுக்குள் முன்னாலிருந்து பின்னால் விடுங்கள். அதற்கு நேர்மேலே உள்ள முதல் படியை, ஆகக் கீழே இருப்பதை, கொக்கியில் பிடித்து கண்ணுக்குள்ளால் முன்னுக்கு இழுங்கள். ஒரு வரி ஏறிவிட்டது. அடுத்த படி, அடுத்த படி. படியைத் தாண்டிவிடாதீர்கள், தாண்டினால் பின்பக்கம் ஒரு நூல் தளர்ந்து தொங்கும். மேலே வந்ததும் கண்ணை ஊசியில் போடும்போது அதன் வலது கால் ஊசிக்கு முன்னால் நிற்கவேண்டும். இடது கால் முன்னால் நின்றால் பின்னும்போது கண் முறுகும். அப்படிப் போட்டுவிட்டாலும் கழற்றவேண்டியதில்லை, அந்த ஒரு கண்ணை மட்டும் பின்காலால் பின்னினால் நேராகிவிடும். பேர்ள் கண் என்றால் துணியைத் திருப்பிப் பிடியுங்கள். பேர்ளின் பின்பக்கம் நிட்தான், அதே வழிதான்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்கவேண்டும். பின்னி முடித்த கண் ஓடினால் ஒவ்வொரு படியிலும் அந்தக் கண்ணுக்கு உரிய நூல் தளர்வாகக் கிடக்கும், ஏற்றினால் இடம் தெரியாது. ஆனால் கண் விழுந்ததைப் பார்க்காமல் அதற்கு மேல் பத்துச் சுற்று பின்னிவிட்டீர்கள் என்று வையுங்கள். மேலே உள்ள படிகளில் அந்தக் கண்ணுக்கு நூலே ஒதுக்கப்படவில்லை, பக்கத்துக் கண்கள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டாயப்படுத்தி ஏற்றினால் அந்த இடம் சுருங்கி இழுபடும். இரண்டு மூன்று சுற்று என்றால் ஏற்றிவிட்டு அக்கம்பக்கக் கண்களிலிருந்து ஊசிமுனையால் தளர்வை நகர்த்திக்கொடுக்கலாம். பத்து என்றால் அவிழ்த்துப் பின்னுங்கள். இந்த இரண்டையும் பார்த்துப் பிரித்தறிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

இதே ஏணியை நாமே வேண்டுமென்றும் உண்டாக்கலாம். மேல்பட்டியில் பத்து வரிக்குக் கீழே நிட் வரவேண்டிய இடத்தில் பேர்ள் வந்துவிட்டதா? அந்த நிரையில் நேராக மேலே ஊசியில் உள்ள ஒரு கண்ணை மட்டும் கழற்றிப் பிழைவரை ஓடவிடுங்கள். அங்கே திருத்திக்கொண்டு கொக்கியால் மேலே ஏறுங்கள். மற்ற 63 கண்ணுக்கும் ஒன்றும் ஆகாது. குறைப்பு செய்த இடத்தில் மட்டும் இதைத் தொடங்கவேண்டாம், அங்கே இரண்டு நிரை ஒன்றாகியிருக்கும்.

கண் கூடிவிட்டால், 64க்குப் பதில் 65 வந்தால், பெரும்பாலும் நூல் தவறுதலாக ஊசியைச் சுற்றியிருக்கும். அது சின்ன ஓட்டைக்கு மேலே நிற்கும். அதைக் கழற்றி ஓட்டைவரை இறக்கிவிட்டால் போதும், மிஞ்சிய நூலைப் பக்கத்துக் கண்கள் எடுத்துக்கொள்ளும்.

ஊசிகள் சந்திக்கிற இடத்தில் நீளமாகத் தளர்வுக்கோடு விழுவது எல்லாருக்கும் வரும். முதல் கண்ணை இறுக்கினால் மட்டும் போதாது, இரண்டாவது கண்ணைப் பின்னும்போது நூலை இழுத்துப் பிடியுங்கள். மெல்லிய கோடு என்றால் முதல் கழுவலில் மறைந்துவிடும், அதற்காக அவிழ்ப்பது வீண்வேலை.

குதிகால் தொடங்க முன்னும், திருப்பம் முடிந்த பின்னும், ஊசியில் உள்ள எல்லாக் கண்ணுக்குள்ளாலும் வேறு நிறத் தையல் நூல் ஒன்றைக் கோத்து வையுங்கள். பிறகு எவ்வளவு குழம்பினாலும் துணிந்து இழுத்து அவிழ்க்கலாம், அந்த நூலில் வந்து நிற்கும். கோக்க மறந்தவர்கள் அவிழ்க்கும் முன், பிழைக்குக் கீழே உள்ள ஒரு வரியில் ஒவ்வொரு கண்ணின் வலது காலையும் 2 மில்லிமீற்றர் ஊசியால் எடுத்து, 64 இருக்கிறதா என்று எண்ணிவிட்டு அவிழுங்கள். இது கொஞ்சம் நேரம் பிடிக்கும். விடிந்த வெளிச்சத்தில் செய்யவேண்டிய வேலை.

எதை அப்படியே விடலாம்? உள்ளங்கால் பக்கம் ஒரு கண் முறுகியிருந்தால் விடுங்கள். நூல் பிரிந்து பாதி இழை வெளியே நின்றால் விடாதீர்கள், அந்த இடம்தான் முதலில் அறும். மேல்பட்டிப் பிழை கண்ணுக்குத் தெரியும், திருத்துங்கள். குதியில் கண் எண்ணிக்கை பிழைத்தால் கட்டாயம் திருத்துங்கள், இல்லாவிட்டால் நடக்கும்போது ஒருபக்கம் சுற்றிக்கொள்ளும்.

முதல் சொக்ஸ் பின்னும்போதே ஒரு கொப்பியில் எத்தனை சுற்று என்று எழுதிவிடுங்கள். இரண்டாவதை அங்குலத்தால் அளந்து பின்னினால் சோடி சேராது, சுற்றை எண்ணிப் பின்னினால் சேரும். பழகுகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது 32 கண்ணில் குழந்தைச் சொக்ஸ். மடலுக்கு 16, திருப்பம் முடிய 10. ஒரு கிழமைக்குள் முடியும், குதியும் விளங்கிவிடும்.

முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டு ஊறவையுங்கள். கசக்கவேண்டாம். சுடுதண்ணீரும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கித் தடித்துவிடும். துவாயில் சுருட்டி அமத்தி, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். பார்சல் கட்டும்போது மிஞ்சிய நூலையும் உருண்டையின் லேபிளோடு உள்ளே வையுங்கள். குதி மெலியத் தொடங்கும்போதே, ஓட்டை விழ முன்னமே, அதே நூலைக் கண்களின் வழியே ஓட்டித் தைக்கச் சொல்லி எழுதிவிடுங்கள்.